உருபு ஒட்டும் இடம்

கும்பகோணத்துக்காரர் ஒருவர் திருவையாற்றுப் பக்கம் வயல் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கிரயப் பத்திரத்தைக் கணினியே எழுதித் தர வேண்டும். பெயர், ஊர், பரப்பு, விலை இவற்றை மட்டும் கொடுத்தால் மீதி வாசகம் தயாராக இருக்கும். ஆனால் தமிழில் இது முதல் வரியிலேயே இடறும். கோடிட்ட இடத்தில் ஊர்ப்பெயரைப் போட்டுப் பின்னால் ‘இல்’ சேர்த்தால் ‘கும்பகோணம்இல்’ என்று வந்து நிற்கும். கும்பகோணம் ‘கும்பகோணத்தில்’ ஆக வேண்டும், திருவையாறு ‘திருவையாற்றில்’, ஒரத்தநாடு ‘ஒரத்தநாட்டில்’. தஞ்சாவூர் ஒன்றுதான் தொல்லை தராமல் ‘தஞ்சாவூரில்’ ஆகிறது. ஆட்பெயரும் அப்படியே: முருகனுக்கு, செல்விக்கு, கமலாவுக்கு.

இந்த முடிச்சோடு பழைய பத்திரங்களைப் படிக்கும்போதுதான் வியப்பு வருகிறது. பத்திர எழுத்தர்கள் கணினி வருவதற்கு வெகு முன்பே இதை அவிழ்த்துவிட்டார்கள். ‘தஞ்சாவூர் மாவட்டம், கும்பகோணம் வட்டம், இன்ன கிராமத்தில்’ என்றுதான் அவர்கள் எழுதுவார்கள். ‘செல்விக்கு’ என்று எழுதுவதில்லை, ‘செல்வி அவர்களுக்கு’ என்பார்கள். பெயர்கள் உருமாறாமல் அப்படியே நிற்கின்றன. வேற்றுமை உருபையெல்லாம் ‘கிராமம்’, ‘அவர்கள்’ என்ற சொற்களே வாங்கிக்கொள்கின்றன. மரியாதைக்கு வந்த ‘அவர்கள்’ இலக்கணச் சுமையையும் சேர்த்துத் தூக்குகிறது. எந்தப் பெயரைப் போட்டாலும் வாக்கியம் உடையாது. தமிழில் ஆவணப் படிவம் செய்ய உட்காரும் நிரலாளர் முதலில் கற்க வேண்டிய பாடம் இதுதான் என்பேன்.

படிவம் செய்வதென்றால் நல்ல பத்திரம் ஒன்றை எடுத்துப் பெயர்களை அழித்துக் கோடு போடுவது என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே ஒரு பத்திரத்தைப் பார்த்தால் எது எப்போதும் வரும், எது அந்த ஒரு விற்பனைக்காக மட்டும் வந்தது என்று தெரியாது. பல பத்திரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் பரப்ப வேண்டும். விற்பவர் மைனராக இருந்தால் காப்பாளர் பற்றிய பத்தி வரும். அதிகாரம் பெற்ற முகவர் கையெழுத்திட்டால் அந்த அதிகாரப் பத்திரத்தின் எண்ணும் தேதியும் வரும். பம்புசெட் இருந்தால் அதற்கொரு வரி. விற்பவர் ஒருவர் என்பது மூவர் ஆகிவிட்டால் ‘நான்’ ‘நாங்கள்’ ஆவதோடு நிற்காது, பத்திரம் முழுக்க ‘கிறேன்’ எல்லாம் ‘கிறோம்’ ஆக வேண்டும். இப்படி ‘இருந்தால் வரும், இல்லாவிட்டால் வராது’ என்ற நிபந்தனைகளைக் கணினிக்குச் சொல்லி ஆவணம் எழுத வைக்கும் முயற்சியை அமெரிக்காவில் ஜேம்ஸ் ஸ்பிரவுல் என்ற சட்ட ஆய்வாளர் 1970-களின் இறுதியில் செய்து காட்டினார்.

அந்த அமைப்பைத் தஞ்சைப் பெரிய கோயிலிலும் பார்க்கலாம். 1010-இல் கட்டி முடித்த அந்தக் கோயிலுக்கு நெல் அளக்க வேண்டிய ஊர்களை ராஜராஜனின் கல்வெட்டு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறது. ஊர்ப்பெயர், அளந்து கண்ட பரப்பு, வரியில்லாமல் நீக்கிய நிலம், மீந்த நிலம், ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளக்க வேண்டிய நெல் என்று ஊருக்கு ஊர் அதே வாக்கியம்தான் வருகிறது. மாறுவது நடுவில் வரும், நீக்கிய நிலங்களின் பட்டியல். நத்தம், கோயில், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், சுடுகாடு, கம்மாணச்சேரி, பறைச்சேரி ஆகியவற்றில் அந்த ஊரில் எது உண்டோ அது மட்டும் வரும். சேரியைத் தனியே பிரித்துவைத்த கொடுமையும் அந்த வாக்கியச் சட்டத்தோடு கல்லில் ஏறியிருக்கிறது. படிவம் தன் காலத்தின் வழக்கத்தைக் கேள்வி கேட்காமல் திரும்பத் திரும்ப எழுதும்.

சோழர் காலத்தில் பிராமணர்களுக்குத் தானமாக விட்ட பிரமதேய ஊர்களின் நில ஆவணங்கள் இன்னும் நேர்த்தியானவை. இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாறு, இத்தனையாம் சதிரம் என்று எழுதுவார்கள். வதி என்பது பாதை, கண்ணாறும் சதிரமும் நிலத்தை வகுத்த பகுதிகள். இரண்டு பெயர், இரண்டு எண், வயல் எங்கே என்பது முடிந்தது. விற்பனை ஆவணம் என்றால், இதுவே விலையோலை, பணம் செலுத்தியதற்கும் இதுவே ஓலை, வேறொன்று காட்டத் தேவையில்லை என்ற பொருளில் ‘பொருள்மாவறுதிப் பொருட்செலவோலை’ என்ற தொடரும் வரும்.

இன்று தமிழ்நாட்டுப் பதிவுத்துறையின் ஸ்டார் 2.0 மென்பொருள் 2018 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபின், விவரங்களை இணையத்தில் உள்ளிட்டே ஆவணத்தை உருவாக்கலாம். காவிரி டெல்டாவில் அந்த விவரத்தைக் கேட்பதிலேயே கவனம் வேண்டும். விவசாயி ‘மூணு மா’ என்பார், பத்திரம் சென்ட் கேட்கும், பட்டா ஹெக்டேரும் ஏருமாகப் பேசும். நூறு குழி ஒரு மா, ஏறத்தாழ 33 சென்ட். இருபது மா ஒரு வேலி. பரப்பை ஒரே இடத்தில் வாங்கி மற்றவற்றைக் கணினியே கணக்கிட வேண்டும். மூன்று இடத்தில் கையால் எழுதினால் ஓரிடத்தில் தவறு நேரும், அந்தத் தவறோடு ஒரு குடும்பம் பல வருஷம் நீதிமன்றத்துக்கு நடக்கும்.

பரப்பைவிட எனக்குப் பயம் செக்குபந்தியில், அதாவது நான்கு பக்க எல்லைகளைச் சொல்லும் பகுதியில்தான். சொத்தை அடையாளம் காணப் போதிய விவரம் இல்லாத ஆவணத்தைப் பதிவுக்கு ஏற்கக் கூடாது என்கிறது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு. தமிழ்ப் பத்திரத்தில் அந்த விவரம் ‘வாய்க்காலுக்கு வடக்கு’ என்று வரும். அதாவது வயல் வடக்கே, வாய்க்கால் தெற்கே. இதைப் படிக்காமல் ‘வடக்கு’ என்று தலைப்பிட்ட ஒரு பெட்டியில் ‘வாய்க்கால்’ என்று நிரப்பினால் வயல் வாய்க்காலைத் தாண்டி அக்கரைக்குப் போய்விடும். அதனால் பெட்டிக்கு மேல் ‘வடக்கு’ என்று ஒற்றைச் சொல்லாக எழுதக் கூடாது. ‘உங்கள் வயலில் நின்று வடக்கே பார்த்தால் என்ன இருக்கிறது?’ என்று முழுக் கேள்வியாகவே எழுத வேண்டும். ‘வாய்க்கால்’ என்று பதில் வந்தால், பத்திரத்தில் ‘வாய்க்காலுக்குத் தெற்கு’ என்று திருப்பி எழுதுவது கணினியின் வேலை.