ஐஸ்லாந்தின் இளையோர் உதைபந்தாட்டக் குழு

விளையாட்டுத் துறையில் ஒரு நாடு எய்தும் பெருமை அதன் மக்கட்டொகையைப் பொறுத்ததே என்பது பலரது எண்ணம். பல கோடி மக்களிடையே பதினொருவரைத் தெரிந்தெடுக்கும் நாட்டோடு, சில இலட்சம் மக்களிடையே பதினொருவரைத் தேடும் நாடு எங்ஙனம் பொருத முடியும் என்று வினவுவோர் உளர். இவ்வினாவிற்கு அண்மைக் கால வரலாறு தரும் விடைகளுள் சிறந்தது ஐஸ்லாந்தின் விடையாகும். அவ்விடை முதன்முதலில் வெளிப்பட்டது அந்நாட்டின் மூத்தோர் குழுவிலன்று, இளையோர் குழுவிலேயே.

வட அத்திலாந்திக் சமுத்திரத்தில், ஆர்க்டிக் வட்டத்தை அண்டிக் கிடக்கும் எரிமலைத் தீவு ஐஸ்லாந்து. 2011 ஆம் ஆண்டில் அதன் மக்கட்டொகை ஏறத்தாழ 320,000. மாரிகாலத்திற் பகற்பொழுது நான்கைந்து மணித்தியாலமே நீடிக்கும். பனியும் கடுங்காற்றும் மைதானங்களைப் பயனற்றவையாக்கிவிடும். ஆதலால் முற்காலத்தில் அந்நாட்டுச் சிறுவர் கோடைகாலத்தில் மாத்திரமே உதைபந்தாட்டத்தைச் செவ்வனே பயில முடிந்தது. ஏனைய நாட்டுச் சிறுவர் ஆண்டு முழுவதும் பயின்று முன்னேற, இவர்கள் ஆண்டில் ஒரு பகுதியை வீணே இழந்தனர். மக்கட்டொகையின் சிறுமையிலும் இக்குறையே பெரிது எனலாம். ஏனெனில், தொகையை மாற்றுதல் எவராலும் இயலாது. குறையை நீக்குதல் இயலும்.

அக்குறையை நீக்கும் முயற்சி இரு வழிகளில் நடைபெற்றது. முதலாவது, இடவசதி. முழு அளவான மைதானத்தைக் கூரையின் கீழ் அமைத்த பெரு மண்டபங்களுள் முதலாவது 2000 ஆம் ஆண்டில் ரெய்க்யானெஸ்பேர் என்னும் ஊரிலே திறக்கப்பட்டது. பின்னர் வேறு ஊர்களிலும் இத்தகைய மண்டபங்கள் எழுந்தன. இவற்றோடு, செயற்கைப் புற்றரை இடப்பட்ட சிறு மைதானங்கள் நூற்றுக்கு மேற்பட்டவை நாடெங்கும் பாடசாலைகளின் அருகே அமைக்கப்பட்டன. இரண்டாவது, பயிற்சியாளர். ஐரோப்பிய உதைபந்தாட்டச் சங்கத்தின் தராதரப் பத்திரம் பெற்ற பயிற்சியாளர் பலரை அந்நாட்டுச் சங்கம் உருவாக்கியது. ஏனைய நாடுகளில் அத்தகைய தகைமையுடையோர் பெரும்பாலும் வளர்ந்த ஆட்டக்காரர்க்கே பயிற்சியளிப்பர். ஐஸ்லாந்திலோ ஐந்து, ஆறு வயதுச் சிறுவரும் அவர்களிடமே பாடங்கேட்டனர். திறமையுள்ளவன், திறமையற்றவன் என்று இளமையிலேயே பிரித்து ஒதுக்காது, விரும்பிய சிறுவர் சிறுமியர் அனைவரையும் கழகங்கள் சேர்த்துக்கொண்டன. சிறு நாட்டில் ஒரு சிறுவனைத் தானும் கைவிடுதல் தகாது என்பதே இதன் உட்கருத்து.

இம்முயற்சியின் பயன் இளையோர் போட்டிகளிலே தோன்றலாயிற்று. 2007 ஆம் ஆண்டில் பெல்ஜியத்தில் நடைபெற்ற பதினேழு வயதுக்குட்பட்டோருக்கான ஐரோப்பியப் போட்டியின் இறுதிச் சுற்றில் ஐஸ்லாந்து இடம்பெற்றது. அடுத்து வந்தது இருபத்தொரு வயதுக்குட்பட்டோருக்கான ஐரோப்பியப் போட்டி. தகுதிகாண் சுற்றுத் தொடங்கும்போது அவ்வயதெல்லைக்குள் இருந்தவர், ஈராண்டு கழிந்து இறுதிச் சுற்று நிகழும்போது எல்லையைக் கடந்திருந்தாலும் ஆடலாம் என்பது அதன் விதி. முந்திய போட்டியில், 2009 ஆம் ஆண்டில், வெற்றிக் கிண்ணத்தைச் சுவீகரித்திருந்த நாடு ஜேர்மனி. 2010 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஐஸ்லாந்து இளைஞர் தம் மண்ணில் அந்த ஜேர்மனியை 4–1 என்ற கோல் கணக்கில் வென்றனர். ஜேர்மனி இறுதிச் சுற்றுக்குத் தகுதிபெறத் தவறியது.

அதே ஆண்டு ஒக்டோபரில் ஒரு சங்கடம் நேர்ந்தது. இறுதிச் சுற்றில் நுழைவதற்கு இளையோர் குழு ஸ்கொத்லாந்தை இரு ஆட்டங்களில் எதிர்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டாவது ஆட்டத்திற்கு மறுநாளே மூத்தோர் குழு ரெய்க்யாவிக் நகரிற் போர்த்துக்கல்லைச் சந்திக்க இருந்தது. மூத்தோர் குழுவிலும் இடம்பெறத் தக்கவராயிருந்த இளைஞர் பலர். அவர்களை எக்குழுவிற்கு அளிப்பது? மூத்தோர் குழுவின் ஆட்டத்திற்கே முதலிடம் என்பது எங்குமுள்ள வழக்கம். ஐஸ்லாந்துச் சங்கமோ இளையோர் குழுவிற்கு முதலிடம் தந்தது. மூத்தோர் குழு போர்த்துக்கல்லிடம் 1–3 எனத் தோற்றது. இளையோர் குழு ஸ்கொத்லாந்தை இரு ஆட்டங்களிலும் 2–1 என வென்றது. அன்றைய தோல்வியைப் பொறுத்துக்கொண்டு நாளைய குழுவை வளர்க்கத் துணிந்த முடிவு அது. அம்முடிவு சரியா, பிழையா என்பதைக் காலமே காட்ட வேண்டியிருந்தது.

2011 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் டென்மார்க்கில் நடைபெற்ற இறுதிச் சுற்றில் எட்டு நாடுகள் பங்குபற்றின. ஐஸ்லாந்து முதலில் பெலாரஸ் நாட்டிடமும், பின்னர் சுவிற்சர்லாந்திடமும் 0–2 எனத் தோற்றது. மூன்றாவது ஆட்டத்திலே போட்டியை நடத்திய டென்மார்க்கை 3–1 என வென்றது. சுவிற்சர்லாந்து மூன்று ஆட்டங்களிலும் வெற்றியீட்ட, ஏனைய மூன்று நாடுகளும் தலா மூன்று புள்ளிகளுடன் நின்றன. அம்மூன்றும் தம்முள் ஆடிய ஆட்டங்களின் கோல்களைக் கணக்கிட்டபோது பெலாரஸ் முன்னின்றது. டென்மார்க்குக்கு எதிராக இன்னுமொரு கோல் பெற்றிருப்பின் ஐஸ்லாந்தே அரையிறுதி சென்றிருக்கும்.

ஒரு கோலினால் நழுவிய வாய்ப்பை வெறுந்தோல்வியென எண்ணுதல் எளிது. 2012 ஆம் ஆண்டில் அந்நாட்டின் மூத்தோர் குழு உலகத் தரவரிசையில் 131 ஆம் இடத்திற்குத் தாழ்ந்தபோது அவ்வாறு எண்ணியவர் இருந்திருப்பின் வியப்பில்லை. ஆயின் விதைத்தவை முளைத்தெழச் சிறிது காலம் வேண்டும். டென்மார்க்கில் ஆடிய கில்வி சிகுர்ட்சன், ஆரொன் குணர்சன், கொல்பெய்ன் சிக்தோர்சன், பிர்க்கிர் பியார்னசன், அல்பிரெட் பின்பொகசன், யோகான் பெர்க் குட்முண்ட்சன் ஆகியோர் மூத்தோர் குழுவின் தூண்களாயினர். 2016 ஆம் ஆண்டில் பிரான்சில் நடந்த ஐரோப்பியக் கிண்ணப் போட்டியே ஐஸ்லாந்து மூத்தோர் குழு கண்ட முதற் பெரும் போட்டி. அங்கே போர்த்துக்கல்லுக்கு எதிராகத் தன் நாட்டின் முதலாவது கோலை அடித்தவர் பியார்னசன். நீஸ் நகரில் இங்கிலாந்தை 2–1 என வென்றபோது வெற்றிக்குரிய கோலை அடித்தவர் சிக்தோர்சன். 2018 ஆம் ஆண்டில், பத்து இலட்சத்திற்குக் குறைந்த மக்கட்டொகையுடன் உலகக் கிண்ண இறுதிச் சுற்றில் ஆடிய முதல் நாடு என்னும் புகழை ஐஸ்லாந்து எய்தியது. அங்கே ஆர்ஜென்டீனாவுடனான ஆட்டத்தை 1–1 எனச் சமப்படுத்தும் கோலை அடித்தவர் பின்பொகசன். அணித்தலைவராய் நின்றவர் குணர்சன்.

எனினும், இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் மறத்தலாகாது. 2021 ஆம் ஆண்டில் ஐஸ்லாந்தின் இளையோர் குழு மீண்டும் ஐரோப்பிய இறுதிச் சுற்றை அடைந்து, ரஷ்யா, டென்மார்க், பிரான்சு ஆகிய மூன்றிடமும் தோற்றது. 2022 ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்திற்கு மூத்தோர் குழு தகுதிபெறவில்லை. பெரிய நாட்டில் ஒரு தலைமுறை தளர்ந்தால் மற்றொன்று அருகே காத்திருக்கும்; சிறிய நாட்டிற்கு அவ்வசதி இல்லை. திறமை மிக்கோர் பலர் ஒரே காலத்தில் தோன்றுதல் ஓரளவு நற்பேறே. மண்டபமும் ஆசிரியரும் அந்நற்பேற்றை உண்டாக்கா. அது வாய்க்குங்கால் வீணாகாது காக்கும். கோடையில் மட்டும் பந்துதைத்த முன்னைத் தலைமுறைகளிலும் திறமையுள்ளோர் பிறந்தே இருப்பர். அவருட் பலர் அறியப்படாமலே போயினர்.

ஆகவே, இளையோர் குழுவை மூத்தோர் குழுவின் நிழலென்றோ, கிண்ணங்களை எண்ணி மதிப்பிடத்தக்கதென்றோ கருதுதல் பொருந்தாது. அக்குழு டென்மார்க்கிலிருந்து வெறுங்கையுடன் திரும்பியது. ஐந்து ஆண்டின் பின்னரே அதன் பயனை உலகங் கண்டது. இளைஞரைப் பயிற்றும் எவர்க்கும் இது பொருந்தும். அவரது உழைப்பின் பெறுபேறு அவ்வாண்டுப் புள்ளிப் பட்டியலிற் காணப்படாமலிருக்கலாம். அதுபற்றி மனந்தளராது, வந்த பிள்ளைகளுள் ஒருவரையும் கைவிடாது பேணுதலே சிறு நாட்டுக்கு வாய்த்த பெரு வழியாகும்.