கோழி திடீரென்று செத்தால், சாகாத கோழியைப் பாருங்கள்

இங்கே நம்ம வீடுகளில் தோட்டத்துக் கோழி என்பது இப்போது புதுமை இல்லை. சிட்னியின் மேற்குப் பக்கம் கறிவேப்பிலைச் செடி, முருங்கை மரம் வரிசையில் கோழிக்கூண்டும் சேர்ந்துவிட்டது. முட்டை ஒரு காரணம். பிள்ளைகள் ஐபேடை வைத்துவிட்டு வெளியே வருவார்கள் என்பது இன்னொரு காரணம். ஆனால் கோழி வளர்க்கும் பலரும் ஒருநாள் சந்திக்கும் ஒரு விஷயத்தை நாம் அதிகம் பேசிக்கொள்வதில்லை. நேற்று வரை நன்றாக மேய்ந்த கோழி, காலையில் கூண்டைத் திறந்தால் செத்துக் கிடக்கும். ஒன்று என்றால் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். இரண்டு, மூன்று என்று போனால்?

எங்கள் வீட்டில் 2 நாளில் 3 கோழி போச்சு. காரணம் தெரிய 5 நாள் ஆனது. அந்த 5 நாளில் தெரிந்துகொண்டதைக் கோழி வைத்திருக்கும் பெற்றோர்களுக்காக எழுதுகிறேன்.

ஆளுக்கு ஒரு காரணம்

எங்களிடம் இருந்தவை 7 கோழிகள். பெரியவை 5. அவற்றில் பொன்னி அடையில் இருந்தாள், பெட்டியை விட்டு எழுந்திருக்கவே மாட்டாள். மற்ற நாலும், ராணி, இட்லி, வடை, சட்னி, பகலெல்லாம் தோட்டத்தில் திரியும். (பெயர்கள் எல்லாம் மகள் வைத்தவை.) மீதி 2 வெடக்கோழிகள். வாங்கி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது என்பதால் தனிக் கூண்டில் இருந்தன.

ஜனவரி நடுவில் மாட்டுப் பொங்கல் வந்தது. "நம்மகிட்ட மாடு இல்லையே, கோழிக்குப் பொங்கல் வைக்கலாம்" என்று என் எட்டு வயது மகள் முந்தின நாள் சர்க்கரைப் பொங்கலை ஒரு தட்டில் எடுத்துப்போய் ஏழுக்கும் வைத்தாள். அடுத்த நாள் ஒன்றும் இல்லை. அதற்கும் மறுநாள் காலை ராணி செத்துக் கிடந்தாள். சாயங்காலம் இட்லியும் வடையும் உட்கார்ந்தால் எழ முடியாமல் தவித்தன. விடிந்தபோது இரண்டும் இல்லை. சட்னி இறக்கை தொங்க, அலகைத் தரையில் ஊன்றிப் படுத்திருந்தாள்.

உடனே ஆளுக்கு ஒரு காரணம். கணவர் "வெயில்" என்றார். அந்த வாரம் 38 டிகிரியைத் தொட்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் எலி விஷமாக இருக்கும் என்றார். என் அம்மா நாமக்கல் பக்கத்து கிராமத்தில் கோழிகளோடு வளர்ந்தவர். "கழிச்சலா இருந்தா ஒண்ணு விடாமப் போயிருமே கண்ணு" என்று பயந்தார்.

மகள் மட்டும் எதுவும் சொல்லவில்லை. ராத்திரி படுக்கும்போது கேட்டாள்: "அம்மா, நான் வச்ச பொங்கல்தான் காரணமா?"

"இல்லடா கண்ணு" என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் நாம் தெரிந்து சொல்கிறோமா, சும்மா சமாதானத்துக்குச் சொல்கிறோமா என்பது பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். அவளுக்கு உண்மையான பதில் வேண்டியிருந்தது. எனக்கும்தான்.

முதலில் போன், பிறகுதான் மற்றதெல்லாம்

ஆஸ்திரேலியாவில் கோழிகள் காரணம் தெரியாமல் அடுத்தடுத்து செத்தால் கூப்பிட வேண்டிய எண் 1800 675 888. இது அவசர விலங்கு நோய்களுக்கான எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள். 7 கோழிக்காக அரசாங்கத்தைக் கூப்பிடுவதா என்று கூச்சப்பட வேண்டியதில்லை. 2024-இல் விக்டோரியாவிலும், பிறகு சிட்னிக்கு வடமேற்கே ஹாக்ஸ்பரி பகுதியிலும், கான்பராவிலும் பறவைக் காய்ச்சல் வந்தது. இப்படிப்பட்ட நோய் முதலில் வீட்டுத் தோட்டத்திலும் தலைகாட்டலாம்.

போனில் கேட்ட கேள்விகள் நேரானவை. மொத்தம் எத்தனை, செத்தது எத்தனை? முகமோ கொண்டையோ வீங்கியிருக்கிறதா, நீலம் பாரித்திருக்கிறதா? மூச்சுத் திணறல் உண்டா? காட்டு வாத்து வந்து போகும் இடமா? அதன்பிறகு ஒரு கால்நடை மருத்துவர் மூலம் பரிசோதனைக்கு ஏற்பாடு ஆனது.

செத்த கோழியை என்ன செய்வது என்பதையும் அவர்களே சொன்னார்கள். கையுறை, முகக்கவசம் போட்டு, இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, ஐஸ் பொட்டலங்களோடு எஸ்கி பெட்டியில் வைக்க வேண்டும். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. உறைந்தால் உள்ளுறுப்புகளின் திசு சிதைந்து, பார்த்துச் சொல்வது கடினமாகிவிடும். கோடைக்காலத்தில் உடல் சீக்கிரம் அழுகும் என்பதால், முடிந்தவரை ஒரு நாளுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது நல்லது.

ஊர்ப் பழக்கம் வேறு மாதிரி. "சாகறதுக்குள்ள மிச்சத்தையாச்சும் அறுத்துப்புடலாம்" என்பதுதான் கிராமத்துக் கணக்கு. கோழி அங்கே காசு, அதனால் அந்தக் கணக்கும் புரிகிறது. ஆனால் காரணம் தெரியாத நோயில், அறுக்கும்போதும் இறகு பிடுங்கும்போதும்தான் மனிதருக்கு ஆபத்து அதிகம். பதில் வரும்வரை இறைச்சியும் வேண்டாம், முட்டையும் வேண்டாம் என்று முடிவெடுத்தோம்.

நோட்டில் ஒரு அட்டவணை

மருத்துவர் கேட்ட இன்னொன்று: ஒவ்வொரு கோழியும் என்ன தின்றது, எங்கே இருந்தது, எப்போது நோய் கண்டது என்று எழுதிக் கொண்டுவாருங்கள். மகளையே எழுதச் சொன்னேன். ஏழு பெயர், நாலு பத்தி: தீவனம், தண்ணீர், பொங்கல், எங்கே திரிந்தது.

எழுதி முடித்தபோது பதில் பாதி வந்துவிட்டது. தீவனம் ஏழுக்கும் ஒரே மூட்டை. தண்ணீர் ஒரே குழாய். வெயில் எல்லோருக்கும் ஒன்றுதான். தகரக் கூரைக்குக் கீழ் இருந்த வெடக்கோழிகளுக்கு இன்னும் அதிகம். பொங்கலையும் ஏழும் தின்றிருந்தன. பொன்னிக்கு அடைப்பெட்டிக்கே கொண்டுபோய் ஊட்டியிருந்தாள். ஆனால் பொன்னியும் வெடக்கோழிகளும் நன்றாக இருந்தன.

நோய் கண்ட நாலுக்கும் மட்டும் பொதுவாக இருந்தது கடைசிப் பத்திதான். தோட்டத்தில் திரிந்தவை அவை மட்டும். மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப பொங்கல் இல்ல?" என்றாள். இல்லை என்று இப்போது தெரிந்து சொல்ல முடிந்தது.

உடம்பு சொன்னது

இதற்குள் அம்மாவும் தன் கருத்தை மாற்றிக்கொண்டிருந்தார். சட்னியை வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கழிச்சல்னா கழுத்து முறுக்கிக்கும், பச்சையும் வெள்ளையுமா கழியும். இதுக்குக் கழுத்து துவண்டு தொங்குது. இது வேற என்னமோ."

மருத்துவர் அந்தக் குறிப்பைத்தான் முதலில் பிடித்துக்கொண்டார். அம்மா சொல்லும் வெள்ளைக் கழிச்சல், உலகம் நியூகாசில் நோய் என்று அழைப்பது. 1920-களில் இங்கிலாந்தின் நியூகாசில் பகுதியில் கண்டறிந்ததால் அந்தப் பெயர். நம் ஊர்ப் புத்தகங்களில் ராணிகேட் நோய் என்று இருக்கும். அது இமயமலைப் பகுதியில் உள்ள ஓர் ஊரின் பெயர். அந்த நோயில் கழுத்து முறுக்கும், நடுங்கும், மூச்சு திணறும். மாரெக் நோய் என்றால் பெரும்பாலும் இளங்கோழிகளுக்கு வரும், ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னும் நீண்டுவிடும். பரவலாக விற்கும் எலி விஷங்கள் உள்ளே ரத்தக் கசிவை உண்டாக்கும். நரியோ பாம்போ என்றால் காயமோ கடித்த தடமோ இருக்க வாய்ப்புண்டு.

எங்கள் கோழிகளுக்கு இருந்தது வேறு. முதலில் கால், பிறகு இறக்கை, கடைசியில் கழுத்து என்று தளர்ந்துகொண்டே போனது. கண் பாதி மூடியிருந்தாலும் நினைவு இருந்தது. இறகு லேசாகத் தொட்டாலே கையோடு வந்தது. பிரேதப் பரிசோதனையில் உறுப்புகள் பெரும்பாலும் சாதாரணமாகவே இருந்தன. ராணி, வடை இரண்டின் தீனிப்பையிலும் ஒன்று மட்டும் இருந்தது: ஈப்புழுக்கள். பறவைக் காய்ச்சலும் நியூகாசிலும் இல்லை என்று ஆய்வக முடிவும் வந்தது. "உங்க தோட்டத்துல எங்கேயோ ஏதோ செத்துக் கிடக்கு. தேடுங்க" என்றார் மருத்துவர்.

வேலியோரம்

தேடினோம். ஷெட்டுக்குப் பின்னால், வேலியோரம் குவிந்திருந்த பனை மட்டைகளுக்கும் சருகுக்கும் அடியில் ஒரு போஸம் செத்துக் கிடந்தது. மேலே இருந்து பார்த்தால் தெரியாது. முந்தின வாரம் மழை, பிறகு கொளுத்தும் வெயில். புழு நெளிந்துகொண்டிருந்தது.

நோயின் பெயர் பொட்டுலிசம். கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியா மண்ணில் சாதாரணமாகவே இருக்கும். செத்த உடலின் உள்ளே, காற்று இல்லாத சூட்டில் அது பெருகி ஒரு நச்சை உண்டாக்கும். முகச் சுருக்கம் போக்கும் போடாக்ஸ் ஊசியில் இருப்பதும் இந்தக் குடும்பத்து நச்சுதான். நரம்பு தசைக்கு அனுப்பும் கட்டளையை அது தடுத்துவிடும். பிணத்தைத் தின்னும் புழுக்களுக்கு அதனால் ஒன்றும் ஆகாது, ஆனால் அவற்றின் உடம்பில் நச்சு சேரும். கோழிக்குப் புழு என்றால் விருந்து. சில புழுக்களே ஒரு கோழியைக் கொன்றுவிடும். ராணி கூட்டத்தின் தலைவி, எதற்கும் முதலில் ஓடுபவள். முதலில் போனதும் அவள்தான்.

கோழிகளைத் தாக்குவது பெரும்பாலும் இந்த நச்சின் சி வகை. மனிதர்களுக்கு அதனால் நோய் வருவது மிக அரிது. ஆனாலும் அந்த வாரத்து முட்டைகளை எல்லாம் வீசிவிட்டோம்.

சட்னி குறைவாகத் தின்றிருக்க வேண்டும். நிழலான இடத்தில் வைத்து, மருத்துவர் காட்டிய முறையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்தோம். கழுத்து நிற்காத கோழிக்கு அவசரமாக ஊற்றினால் புரையேறிவிடும் என்பதால் பொறுமை வேண்டும். அம்மாதான் உட்கார்ந்து கொடுத்தார். மூன்றாம் நாள் சட்னி எழுந்து நின்றாள்.

உங்கள் வீட்டில் நடந்தால்

* மிச்சக் கோழிகளை உடனே கூண்டுக்குள் அடையுங்கள். தோட்டத்தில்தான் காரணம் என்றால் சாவு அத்தோடு நிற்க வாய்ப்புண்டு. தொற்றுநோய் என்றால் வெளியே பரவும் ஆபத்து குறையும்.
* ஆஸ்திரேலியா 1800 675 888, அமெரிக்கா 1 866 536 7593, இங்கிலாந்து 03000 200 301. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2024 அக்டோபர் 1 முதல் ஒரே ஒரு கோழி வைத்திருந்தாலும் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.
* செத்ததைப் புதைக்க அவசரப்படாதீர்கள். குளிர்ச்சியாக வையுங்கள், உறைய வைக்காதீர்கள், நீங்களே அறுத்துப் பார்க்காதீர்கள்.
* நோயுற்ற கோழியை போனில் வீடியோ எடுங்கள். நடை, கழுத்து, மூச்சு, எச்சம் நான்கும் தெரிய வேண்டும்.
* நன்றாக இருக்கும் கோழிகளையும் எழுதுங்கள். அவை செய்யாத எது, செத்தவை செய்தன என்று பாருங்கள்.
* கோடையில் வாரம் ஒரு முறை சருகுக் குவியல், ஷெட் அடி, வேலியோரம், உரக்குழி பாருங்கள். செத்த எலியோ பறவையோ இருந்தால் கையுறையோடு எடுத்து, உங்கள் கவுன்சில் சொல்லும் முறையில் அப்புறப்படுத்துங்கள்.
* பிள்ளைகள் கோழியைத் தொட்டால் சோப்பு போட்டுக் கை கழுவட்டும். நோய் கண்ட நாட்களில் கூண்டுப் பக்கம் போகவே வேண்டாம்.
* ஆனால் தேடும் வேலையில் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நோட்டும் பேனாவும் கொடுத்தால் போதும். தன்னால்தான் என்று ஒரு பிள்ளை மனதுக்குள் வைத்துக்கொண்டிருந்தால், நம் ஆறுதல் வார்த்தையைவிட அந்தப் பிள்ளையே எழுதிய அட்டவணை அதிகம் உதவும்.