ஒரே தகட்டில் பல வண்ணம்

கைத்தொழில் வகுப்பு என்றவுடன் கூடையும் பாயுமே நம்மவர்க்கு நினைவில் எழுகின்றன. பல வண்ணப் படங்களைக் கையாலேயே அச்சிடும் கலையும் ஊராட்சியின் சமுதாயக் கூடத்தில் கற்பிக்கத் தக்கதே. கொல்லிமலை அடிவாரத்து முள்ளுக்குறிச்சி போன்ற ஊர்களில், கிராம சபை அறிவிப்பையே இவ்வாறு அச்சிட்டு ஒட்டலாம் என்பது நமது கருத்து.

இதற்குப் பெரும்பொறி எதுவும் வேண்டுவதில்லை. லினோலியத் தகடு, குழியான முனையுள்ள சிற்றுளி, ரப்பர் உருளை, அச்சு மை, மரக்கரண்டி ஆகியவை போதும். செதுக்கிய பள்ளம் வெறுமையாக நிற்க, மேடு மட்டுமே மையை ஏற்கும். அதன்மேல் தாளை விரித்துக் கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்தால் படம் பதியும்.

வண்ணம் ஒன்றுக்கு மேற்படும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. ஜப்பானில் 1765-ஆம் ஆண்டில் சுசுகி ஹருநோபு முதலியோர், வண்ணத்திற்கு ஒரு கட்டையாகச் செதுக்கிப் பல வண்ண நாட்காட்டிப் படங்களை உருவாக்கினர். அம்முறையில் கட்டைகள் யாவும் மயிரிழையும் பிசகாது பொருந்த வேண்டும். பிரான்சு நாட்டு வல்லோரிஸ் என்னும் குயவர் ஊரில் சில ஆண்டுகள் வாழ்ந்த ஓவியர் பிக்காசோ, அவ்வூர் மட்பாண்டக் கண்காட்சிக்கு லினோலியத்தில் சுவரொட்டி செதுக்கித் தந்தவர். 1958-இல் பல தகடுகளைக் கொண்டு ஒரு படம் அச்சிட்ட அவர், மறு ஆண்டில் ஒரே தகட்டைப் படிப்படியாகச் செதுக்கும் முறையைக் கையாண்டார். நமக்கும் அதுவே ஏற்றது, செலவும் குறைவு.

மலையில் விளையும் அன்னாசிப் பழத்தையே வரைவதாகக் கொள்வோம். வெண்மையாக நிற்க வேண்டிய இடங்களை முதலில் செதுக்கிவிட்டு, எல்லாத் தாள்களிலும் மஞ்சள் அச்சிடுக. பிறகு மஞ்சளாகவே நிற்க வேண்டிய பழப்பகுதியைச் செதுக்கி நீக்கிப் பச்சை ஏற்றுக. அடுத்து இலைப்பரப்பையும் நீக்கினால், எஞ்சிய கோடுகள் கருமையை ஏற்கும். வெளிர் நிறம் முன்னும் அடர் நிறம் பின்னும் வருவதே ஒழுங்கு.

செதுக்கியதை மீண்டும் ஒட்ட இயலாது. ஆகவே எத்தனை படி வேண்டுமென்பதை முதல்நாளே உறுதி செய்தல் இன்றியமையாதது. ஐம்பது தேவையாயின் அறுபது தாளில் தொடங்குக. பச்சை ஏறிய பின்னர்த் தலைவரே வந்து இன்னும் பத்து கேட்டாலும் கொடுப்பதற்கில்லை!

பலகையொன்றில் இரு மரச்சட்டங்களை மூலைமட்டமாக அறைந்து, தகட்டையும் தாளையும் ஒவ்வொரு முறையும் அம்மூலையில் ஒட்டி வைத்தால் வண்ணம் விலகாது. எழுத்துகளை இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். மெல்லிய தாளில் எழுதி, அதைத் திருப்பிப் போட்டுத் தகட்டின்மேல் படியெடுப்பது எளிது. 'முள்ளுக்குறிச்சி' என்னும் ஊர்ப்பெயரே மாணவர்க்கு நல்ல சோதனையாகும்.

எண்ணெய் மை உலர ஒரு நாளுக்கு மேலும் ஆகும். மழைக்காலத்தில் இன்னும் தாமதிக்கும். ஞாயிறுதோறும் ஒரு வண்ணம் எனக் கொண்டால் உழவு வேலைக்கும் இடையூறு நேராது. அக்டோபர் 2 கிராம சபைக்கு அறிவிப்பு வேண்டுவோர் ஆகஸ்டு இறுதியிலேயே தகட்டை வாங்கிவிடுதல் நலம்.