மண்டையோட்டைக் காணாத கருவி

தலையின் எம்.ஆர்.ஐ. படத்தில் எலும்பைத் தேடிப் பாருங்கள். மூளையின் மடிப்புகள் அச்சடித்ததுபோல் தெரியும். அதைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம்; மண்டையோடு அதுதான். மூக்கை ஒட்டிய காற்றறைகளும் அதே கறுப்பு. எம்.ஆர்.ஐ. பிடிப்பது நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜனின் சமிக்ஞையை. கெட்டி எலும்பில் அது சொற்பம். அந்தச் சொற்பமும் கருவி பதிவைத் தொடங்குவதற்குள் அடங்கிவிடும்.

படம் பார்த்து நோயறிய இது பெரிய குறையில்லை. பெட் ஸ்கேனை எம்.ஆர்.ஐ.யோடு சேர்த்தபோதுதான் தலைவலி தொடங்கியது.

பெட் ஸ்கேனுக்குப் பெரும்பாலும் கதிரியக்க ஃப்ளூரின்-18 சேர்த்த குளுக்கோஸை ஊசியில் ஏற்றுவார்கள். மும்முரமாக வேலை செய்யும் மூளைப் பகுதி அதை அதிகம் இழுத்துக்கொள்ளும். அங்கே வெளிவரும் பாசிட்ரான் ஓர் எலெக்ட்ரானோடு சேர்ந்து அழியும்போது, இரண்டு காமா கதிர்கள் எதிரெதிர்த் திசையில் பாயும். இரண்டும் வெளியே வந்தால்தான் கணக்கு. பெரும்பாலானவை வழியிலேயே மடங்கிவிடும். குறுக்கே 18 செ.மீ. தண்ணீர் இருப்பதாகக் கணக்குப் போட்டாலே, சுமார் ஆறு ஜோடிக்கு ஒன்றுதான் முழுசாகத் தேறும். ஆகவே வழியில் எலும்பு எவ்வளவு, சதை எவ்வளவு என்று பார்த்து, தொலைந்ததையும் கணக்கிட்டுச் சேர்த்தாக வேண்டும். பெட்டோடு சி.டி. ஸ்கேனைச் சேர்த்த பெட்-சி.டி.யில் இந்தக் கவலையில்லை. எலும்பின் அடர்த்தியை சி.டி. புட்டுப்புட்டு வைத்துவிடும்.

முழு உடலையும் பெட், எம்.ஆர்.ஐ. இரண்டிலும் ஒரே நேரத்தில் எடுக்கும் கருவியை சீமென்ஸ் 2010இல் அறிமுகப்படுத்தியது. தொடக்ககாலக் கணக்குமுறை எலும்பையும் சதையாகவே பாவித்தது. மண்டையோட்டை ஒட்டிய மூளைப் புறணியில் பெட் காட்டிய அளவு 10, 20 சதவீதம்கூடக் குறைந்தது. மூளையின் நடுப்பகுதியில் அவ்வளவு இல்லை. எங்கும் ஒரே மாதிரி குறைந்திருந்தால் போகட்டும் என்று விடலாம். அல்சைமர் நோயில் அமிலாய்டு புரதப் படிவை அளக்க, புறணியின் அளவைப் பெரும்பாலும் சிறுமூளையின் அளவால் வகுப்பார்கள். தராசின் இரண்டு தட்டிலும் வெவ்வேறு கோளாறு என்றால் நிறுத்து என்ன பயன்? இத்தனைக்கும் வண்ணப்படம் அழகாகவே இருக்கும். எனக்குப் பயம் அதில்தான்.

தீர்வுக்குப் பல வழிகள் வந்தன. எலும்பின் சமிக்ஞை அடங்குமுன் பிடிக்கும் அதிவேகப் பதிவு ஒன்று. பலருடைய சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களை ஜோடியாகச் சேர்த்துவைத்து, புதிய தலைக்குப் பொருத்தமான மண்டையோட்டை ஊகிப்பது இன்னொன்று. 2017இல் வெளியான பன்னாட்டு ஒப்பீடு 359 பேரின் படங்களில் 11 முறைகளைச் சோதித்தது. சிறந்தவை சி.டி. தரும் விடையிலிருந்து ஐந்து சதவீதத்துக்குள் நின்றன.

ஆனால் அது இயல்பான மண்டையமைப்புள்ள பெரியவர்களுக்கு. அறுவை சிகிச்சையில் எலும்பை வெட்டி உலோகத் தகடு பொருத்தியவர் வந்தால், சேர்த்துவைத்த படங்களில் அவருடைய தலைக்கு ஜோடி கிடைக்காது. எம்.ஆர்.ஐ.யிலோ தகடு இருக்கும் இடம், தகட்டைவிடப் பெரிய கறுப்பாக, காற்றைப்போலத் தெரியும்.