பாலத்தின் அடியில் ஒரு பாதை

ஓட்டம் நின்றுபோன இருப்புப்பாதைகளை நடைபாதைகளாக மாற்றும் வழக்கம் பல நாடுகளில் உள்ளது. தொடர்வண்டியால் செங்குத்தான மேட்டில் ஏற இயலாது. ஆதலால் அதன் தடம் பெரும்பாலும் சமமாகவே அமைந்திருக்கும். முதியோர் நடப்பதற்கும் சிறுவர் மிதிவண்டி ஓட்டுவதற்கும் அது ஏற்றது. நியூயார்க் நகரில் தூண்களின்மேல் அமைந்த ஒரு சரக்குப் பாதையில் 1980ஆம் ஆண்டு கடைசி வண்டி ஓடியது. அப்பாதையை இடித்துவிட முயன்றபோது, நகரவாசிகள் இருவர் 1999இல் ஓர் அமைப்பைத் தொடங்கி அதனைக் காத்தனர். 2009இல் அதன் முதற்பகுதி பூங்காவாகத் திறக்கப்பட்டது. இளவேனில் தொடங்கும்போது காய்ந்த செடிகளை வெட்டி அகற்றுவதற்குத் தன்னார்வலர்கள் ஆண்டுதோறும் அங்கே கூடுகின்றனர்.

மும்பையிலும் கைவிடப்பட்ட தடம் ஒன்று இருந்தது. செம்பூரை அடுத்துள்ள டிராம்பேயையும் அந்தேரியையும் இணைத்து 1928இல் தொடங்கப்பட்ட இருப்புப்பாதை, 1934இல் நிறுத்தப்பட்டது. அது நடைபாதையாக மாறவில்லை. வளர்ந்துவந்த நகரத்துக்குள் மறைந்துபோயிற்று. இடம் அரிதாகிய நகரில், காப்பார் இல்லாத நிலம் நெடுநாள் வெறுமையாக இராது. இவ்வுண்மையை உணர்ந்து செயல்பட்டவர்கள் மாட்டுங்கா மக்கள்.

மாட்டுங்காவில் தமிழர் பலர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். அங்குள்ள அம்பேத்கர் சாலையில் 2011ஆம் ஆண்டு ஒரு மேம்பாலம் பயன்பாட்டுக்கு வந்தது. பாலத்தின்மேல் வண்டிகள் விரைந்தன. பாலத்தின் அடியில் இருந்த இடமோ எவர் பொறுப்பிலும் இல்லை. அங்கே வண்டிகள் நிறுத்தப்படுவதையும் குப்பை சேர்வதையும் கண்ட குடியிருப்போர் ஒரு குழுவாக இணைந்தனர். இடத்தைத் தூய்மை செய்தனர். காவலுக்கு ஆள் வைத்தனர். அங்கே ஒரு பூங்கா வேண்டும் என மாநகராட்சியிடம் தொடர்ந்து முறையிட்டனர். அவர்களுடைய விடாமுயற்சி வீண்போகவில்லை. 2016ஆம் ஆண்டு நானாலால் டி. மேத்தா பூங்கா திறக்கப்பட்டது.

அப்பூங்காவின் நடைபாதை ஏறத்தாழ 600 மீட்டர் நீளம் உடையது. அது நருமதை ஆற்றின் போக்கைப் போல வளைந்து வளைந்து செல்கிறது. நருமதை அமர்கண்டகத்தில் தோன்றி, 1,312 கிலோமீட்டர் மேற்கு நோக்கி ஓடிக் கடலில் கலக்கிறது. எனவே, இப்பாதையில் ஒரு மீட்டர் நடப்பவர், ஆற்றின் கரையில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் கடந்தவர் ஆகிறார். காலையில் நடக்க வரும் முதியவர் ஒருவர், அரைமணி நேரத்திற்குள் ஓர் ஆற்றின் தொடக்கம் முதல் முடிவு வரை சென்று திரும்பலாம்.

திறப்பு விழா ஒரே நாளில் முடிந்துவிடும். பராமரிப்போ நாள்தோறும் தொடர வேண்டிய பணி. பாலத்தடியில் அமைந்த பூங்காவுக்கு அப்பணி இன்னும் கடினமானது. அங்கே நேரடி வெயில் குறைவு. ஆதலால் நிழலில் வளரும் செடிகளையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஊரெங்கும் பெருமழை பெய்தாலும் பாலம் கூரையாக நின்று மழையைத் தடுத்துவிடும். ஆதலால் மழைக்காலத்திலும் செடிகளுக்கு நீர் ஊற்ற வேண்டியிருக்கும். இருபுறமும் செல்லும் வண்டிகளின் புழுதி இலைகளில் படியும். அதனைக் கழுவிவிட வேண்டும். மேலிருந்து குழாய் வழியே இறங்கும் நீர் தேங்கினால் கொசு பெருகும். ஆதலால் மழைக்கு முன்பே வடிகாலைத் தூர்வார வேண்டும்.

இவற்றுள் எல்லாவற்றையும் தன்னார்வலர்களே செய்துவிட இயலாது. மின்கம்பியைத் தொடுவதும் கழிவுநீர்க் குழாயைத் திறப்பதும் பயிற்சி பெற்ற பணியாளர்க்கு உரியவை. பழுதை முதலில் காண்பதும், உரியவர்க்கு எழுதித் தெரிவிப்பதும், சீராகும் வரை விடாது கேட்பதும் தன்னார்வலர் கடமை. ஒருநாள் நூறு பேர் கூடிப் பெருக்குவதைவிட, வாரந்தோறும் பத்துப்பேர் தவறாது வருவதே பாதையை நிலைக்கச் செய்யும்.

இப்பணியில் ஓர் அறமும் அடங்கியுள்ளது. பெருநகரங்களில் மேம்பாலங்களின் அடியில் தங்குவோர் பலர் வீடற்ற ஏழையர். இடத்தைக் காப்பவர்கள் அவர்களைக் குப்பையோடு சேர்த்து எண்ணுதல் கூடாது. அவர்களுக்குத் தங்குமிடம் கிடைக்க வழி காட்டுவதும் நற்பணியே. பொதுவிடம் என்பது அனைவர்க்கும் உரியது என்பதை மறந்தால், தூய்மை இருந்தும் பயனில்லை.

மாட்டுங்காவிலிருந்து சிறிது தொலைவில், தாராவியை ஒட்டி, மித்தி ஆற்றங்கரையில் மகாராட்டிர இயற்கைப் பூங்கா உள்ளது. 37 ஏக்கர் பரப்புள்ள அந்நிலம் முன்னர் நகரத்தின் குப்பைமேடாக இருந்தது. 1983இல் பறவையியல் அறிஞர் சாலிம் அலி அங்கே மரக்கன்று நட்டார். 1994இல் பூங்கா திறக்கப்பட்டது. குப்பைமேடு ஒரு சோலையாக மாறுவதற்கு ஆண்டுகள் பல தேவைப்பட்டன. மீண்டும் குப்பைமேடாக மாறுவதற்கு அத்தனை காலம் தேவைப்படாது.

நாம் பயன்படுத்தும் பாதையை யாரோ ஒருவர் பெருக்கியிருக்கிறார்; யாரோ ஒருவர் அங்குள்ள செடிக்கு நீர் ஊற்றியிருக்கிறார். அந்த யாரோ ஒருவராக நாமும் ஒருநாள் இருத்தல் வேண்டும்.

பயிற்சி

1. இருப்புப்பாதையின் தடம் நடைபாதைக்கு ஏற்றதாக இருப்பது ஏன்?
2. மழைக்காலத்திலும் பாலத்தடிச் செடிகளுக்கு நீர் ஊற்ற வேண்டிய காரணம் யாது?
3. தன்னார்வலர் செய்யத்தக்கன, செய்யத்தகாதன ஆகியவற்றைப் பிரித்து எழுதுக.
4. உம் பள்ளிக்கு அருகிலுள்ள பொதுவிடம் ஒன்றைப் பார்த்து, அங்குள்ள பழுது ஒன்றைச் சீர்செய்ய வேண்டி உரிய அலுவலருக்குக் கடிதம் எழுதுக.