தண்ணி குடிக்காம வெயிலில் வேலை, ராத்திரி வலி மாத்திரை
கிட்னிக்கு "டபுள் அடி": உப்பளத் தொழிலாளர்களே உஷார்!

தூத்துக்குடி:-

கோடை வந்து விட்டால் தூத்துக்குடி உப்பளங்களில் வேலை சூடு பிடித்து விடும். கொதிக்கும் வெயிலில் உப்பு வாரும் தொழிலாளர்களின் உடம்பில் இருந்து வியர்வை ஆறாக ஓடும். பல உப்பளங்களில் கழிப்பறை வசதி கிடையாது. இதனால் பெண்கள் "ஒதுங்க இடமில்லையே" என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக் கொள்கிறார்கள்.

சாயங்காலம் இடுப்பு வலி, கை-கால் குடைச்சல். மெடிக்கல் ஷாப்பில் ஒரு வலி மாத்திரை வாங்கி போட்டுக் கொண்டு படுத்து விடுகிறார்கள். இங்குதான் ஆபத்து காத்திருக்கிறது.

ரத்தம் குறைந்தால் என்ன ஆகும்?

இதயம் நிமிடத்துக்கு சுமார் 5 லிட்டர் ரத்தத்தை பம்ப் செய்கிறது. இதில் 1 லிட்டருக்கு மேல் 2 கிட்னிக்கு மட்டுமே போகிறது. 2 கிட்னியும் சேர்ந்து 300 கிராம்தான் இருக்கும். ஆனால் ஒரு நாளைக்கு சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, கிட்டத்தட்ட எல்லாவற்றையும் திரும்ப உடம்புக்கே கொடுத்து விடுகிறது.

வியர்வை, வாந்தி, பேதியால் உடம்பில் நீர் வற்றினால் கிட்னிக்கு வரும் ரத்தம் குறையும். அப்போது கிட்னி தனக்கு ரத்தம் கொண்டு வரும் குழாயை விரித்து சமாளிக்கும். டைக்ளோபினாக், ஐபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகள் அந்த குழாய் விரிவதை தடுத்து விடுகின்றன. பிரஷருக்காக சில வகை மாத்திரையோ, நீர் பிரிய மாத்திரையோ சாப்பிடுபவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

ஆரம்பத்திலேயே நீர்ச்சத்தை ஏற்றினால் கிட்னி பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்து விடும். கவனிக்காமல் விட்டால் உள்ளே இருக்கும் நுண்குழாய் செல்கள் செத்துப் போகும். அப்புறம் டயாலிசிஸ் வரை போக வேண்டியதுதான்.

அறிகுறிகள்

சிறுநீர் குறைவது, டீ டிக்காஷன் நிறத்தில் போவது, எழுந்தால் தலைசுற்றல், குமட்டல், கால் வீக்கம். 6 மணி நேரத்துக்கு மேல் சிறுநீரே வரவில்லை என்றால் "விடிஞ்சதும் பார்த்துக்கலாம்" என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு போக வேண்டும். கிரியேட்டினின் ரத்த பரிசோதனையில் கிட்னியின் நிலை தெரிந்து விடும்.

தப்பிக்க வழி

* தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக தண்ணீர் குடிக்க வேண்டும். நீராகாரம், மோர் நல்லது.

* வாந்தி, பேதி என்றால் உப்பு-சர்க்கரை கரைசல். 1 லிட்டர் கொதிக்க வைத்து ஆறிய நீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஸ்பூனை தலைதட்டி அளக்க வேண்டும். உப்பு கூடக் கூடாது.

* டாக்டரை கேட்காமல் வலி மாத்திரை வேண்டாம்.

* பிரஷர், சுகர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு வாந்தி, பேதி வந்தால், மாத்திரையை தொடரலாமா என்று அன்றே டாக்டரிடம் கேட்க வேண்டும். தானாக நிறுத்தக் கூடாது.

* இதய நோயாளிகளும், ஏற்கனவே கிட்னி பாதித்தவர்களும் டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது.

உப்பளத்தில் ஒரு நிழற்கூரை, ஒரு குடிநீர் தொட்டி, பெண்களுக்கு ஒரு கழிப்பறை. இந்த மூன்றும் இருந்தாலே பல பேரின் கிட்னி தப்பிக்கும்.