தேய்வதற்கென்றே ஒரு கம்பி

மார்கழி விடியலிலும் புதுச்சேரியின் கரிக்கலாம்பாக்கத்தில் அப்படியொன்றும் குளிர் நடுக்கிவிடாது. ஊட்டி வீடுகளோடு பார்த்தால் இங்கே கீசருக்கு வேலை குறைவு. ஆனாலும் ஆயுள் கூடுவதில்லை. அதைத் தீர்மானிப்பது தண்ணீர்.

பாகூர், வில்லியனூர் பக்கத்துக் கிராமங்களின் குழாய்களில் வருவது பெரும்பாலும் நிலத்தடி நீர்தான். அதில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடு பட்டதும் கரியமில வாயுவை விட்டுவிட்டுச் சுண்ணாம்பாகக் கீசரின் சூடேற்றும் எலிமென்ட்டின் மேல் ஒட்டிக்கொள்கிறது. சர்க்கரை சூட்டில் கூடுதலாகக் கரையும், இது நேர்மாறு. குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை இருக்கலாம் என்கிறது இந்தியத் தரநிலை. அது குடிப்பவருக்கான கணக்கு. கீசரைக் கேட்டு வைத்ததல்ல.

‘உப்பு படிஞ்சா கரண்ட் பில் எகிறும்’ என்பார்கள். எனக்கு அதில் அவ்வளவு உடன்பாடில்லை. எலிமென்ட் தண்ணீருக்குள்தான் முழுகிக் கிடக்கிறது. அதன் சூடு வேறெங்கே போகும்? 15 லிட்டரை 27 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்கு ஏற்ற 0.4 யூனிட் மின்சாரம் போதும். படிவு வந்தாலும் இது பெரிதாக மாறாது. அடி வாங்குவது எலிமென்ட்: சூடு வெளியேற வழியின்றி உள்ளே அளவுக்கு மீறிக் காய்ந்து, உறை வெடித்து, மின்கசிவில் முடியும். அப்போதும் எலிமென்ட்டை மட்டும் மாற்றினால் போதும்.

கீசரையே மாற்ற வைப்பது தொட்டியின் துரு. எனாமல் பூசிய இரும்புத் தொட்டிக்குள் ஒரு மக்னீசியக் கம்பி இருக்கும். இரும்பைவிட எளிதில் எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும் உலோகம் அது. தான் கரைந்து இரும்பைக் காக்கும். இந்த உத்தியை 1824-இல் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி பிரிட்டிஷ் கப்பல்களின் செப்புத் தகடுகளுக்குச் சொன்னார். துத்தநாகத் துண்டும் இரும்புத் துண்டும் செம்பைக் காப்பாற்றின. செம்பு கரையாததால் விஷமின்றிப் போய், அடிப்பகுதியில் சிப்பிகள் குடியேறிவிட்டன! கடற்படை அதைக் கைவிட்டது. கீசருக்குள் சிப்பித் தொல்லை இல்லை. ஆனால் உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், கம்பி சீக்கிரம் கரையும். தீர்ந்த பிறகு இரும்பின் முறை.

எனவே ஒழுகினால், எங்கிருந்து என்று பாருங்கள். சூடேறும்போது பாதுகாப்பு வால்வில் சொட்டினால் அது விரிந்த நீரின் அழுத்தம், பெரும்பாலும் பழுதல்ல. பச்சைத் தண்ணீர் தெளிவாக இருந்து வெந்நீர் மட்டும் பழுப்பாக வந்தாலோ, தொட்டியின் அடியில் கசிந்தாலோ புதியது வாங்க வேண்டியதுதான்.

குளித்ததும் அணைத்துவிடும் வீட்டில் மின்சிக்கன முத்திரையின் நட்சத்திர எண்ணிக்கையால் பெரிய லாபமில்லை; அது முக்கியமாக நாள் முழுக்கச் சூட்டைத் தேக்குவதில் ஏற்படும் இழப்பின் அளவு. கடையில் கேட்க வேண்டியது, தேய்ந்ததும் மாற்ற மக்னீசியக் கம்பி தனியாகக் கிடைக்குமா என்று. அதோடு 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் பொருத்தச் சொல்லுங்கள்.